வருடத்துக்கு ஐந்நூறு கார் செய்வது எப்படி?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் ஒரு மாதமாகத் துரத்தினார். "நீதான் கார் பைத்தியமாச்சே, ஸ்போர்ட்ஸ் கார் பற்றி எழுதேன்" என்றார். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எத்தனை வேகம், எத்தனை குதிரைசக்தி என்று எழுதத்தான் கை போகும். அது எந்தப் பத்திரிகையிலும் கிடைக்கும். நான் எழுத நினைத்தது வேறு. அவ்வளவு விலை கொடுத்து வாங்கும் காரில் ஏன் மழை ஒழுகுகிறது? கதவு ஏன் இரண்டு தடவை அடித்தால்தான் மூடுகிறது? பின்விளக்கு மட்டும் ஏன் வேறு ஏதோ சாதாரணக் காரில் பார்த்த மாதிரியே இருக்கிறது?

இதை எழுத எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. எங்கள் பிராஜெக்ட் வண்டியின் கதை தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்க ஆரம்பித்திருப்பார்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு காரின் கதவுத் தகட்டை ஸ்டீல் ஷீட்டில் பிரஸ் பண்ண வேண்டும் என்றால் டை வேண்டும். டிரா பண்ண ஒன்று, டிரிம் பண்ண ஒன்று, ஓரம் மடிக்க ஒன்று, துளை போட ஒன்று என்று ஒரே பேனலுக்கு நாலைந்து டை. மொத்தம் இரண்டு கோடி ரூபாய் என்று கணக்குக்காக நாமாக வைத்துக்கொள்வோம். பெரிய கம்பெனி அந்த டையில் இரண்டு லட்சம் கதவு அடிக்கும். கதவு ஒன்றுக்கு 100 ரூபாய்தான் விழும். வருடத்துக்கு 500 கார் செய்கிற கம்பெனி நாலு வருடம் ஓட்டினாலும் 2,000 கதவுதான். கதவு ஒன்றுக்கு 10,000 ரூபாய்! அதுவும் ஒரு பக்கத்துக் கதவுக்கு, வெளித்தகட்டுக்கு மட்டும். கூரை, பானெட், ஃப்ளோர் எல்லாம் சேர்த்தால் கம்பெனியையே விற்க வேண்டியதுதான்.

அதனால்தான் சின்னக் கம்பெனிகள் எல்லாம் ஃபைபர் பாடிக்குப் போயின. எஃப்.ஆர்.பி. மோல்டு டையின் விலையில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் இங்கேதான் விஷயம் இருக்கிறது. டைக்குச் செலவழிக்காத பணத்தை ஒவ்வொரு காரிலும் கை வேலையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிரஸ்ஸில் பேனல் சில நொடியில் விழும், ஆயிரமாவது பேனலும் முதல் பேனல் மாதிரியே இருக்கும். ஃபைபரில் அப்படி இல்லை. மோல்டுக்கு மெழுகு போட்டு, ஜெல்கோட் அடித்து, மேட் விரித்து, ரெசினில் கேட்டலிஸ்ட் கலந்து ஊற்றி, ரோலர் போட்டுக் காற்றை வெளியேற்றி, இறுகும் வரை காத்திருக்க வேண்டும். ரோலர் பிடிக்கிற ஆளின் கை எப்படியோ, பேனலின் கனமும் அப்படி.

இன்பிளாண்ட் ட்ரெயினிங்குக்கு நான் ஒரு எஃப்.ஆர்.பி. பட்டறையில் இருந்தேன். பெயர் வேண்டாம். பஸ் முகப்பு பேனல் செய்துகொண்டிருந்தார்கள். ஆர்டர் நெருக்கடி. மோல்டு ஒன்றுதான். காலையில் போட்ட பேனலை மத்தியானமே கழற்றி அடுத்ததைப் போட்டார்கள். கழற்றின பேனலைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். மறுநாள் பார்த்தால் அது வில் மாதிரி வளைந்து நிற்கிறது. ரெசின் மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே முழுக்க இறுகியிருக்காது. மோல்டில் இன்னும் ஒரு ராத்திரி இருந்திருந்தால் அந்த வடிவத்திலேயே இறுகியிருக்கும். அங்கே இருந்த மேஸ்திரி, "தம்பி, ஃபைபர்ல மெட்டீரியல் காசு பெரிசில்ல, மோல்டு மேல கிடக்கிற நேரம்தான் காசு" என்றார். வகுப்பில் ஒரு செமஸ்டர் படித்ததைவிட அந்த ஒரு வரியில் எனக்கு அதிகம் விளங்கியது. கதவுக்கும் பாடிக்கும் நடுவே மேலே இரண்டு மில்லி, கீழே ஏழு மில்லி என்று இடைவெளி கோணலாக இருக்கும் காரைப் பார்த்தால், எங்கேயோ யாரோ ஒரு பேனலைச் சீக்கிரம் கழற்றியிருக்கிறார் என்றுதான் இப்போதெல்லாம் தோன்றுகிறது.

சரி, இந்த விளையாட்டில் பெரிய கை யார் என்றால் இங்கிலாந்தின் லோட்டஸ். அதை ஆரம்பித்த காலின் சாப்மன் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரிங் படித்தவர். 1948-ல் ஒரு பழைய ஆஸ்டின் 7 காரைப் பிரித்து மேய்ந்து முதல் வண்டி செய்தார். 1952-ல் கம்பெனி. ரேஸில் லோட்டஸ் பேர் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். 1963-ல் ஜிம் கிளார்க் ஃபார்முலா 1 உலக சாம்பியன் ஆனது லோட்டஸில்தான். ஆனால் ரோட்டில் ஓடும் லோட்டஸ் கார்களுக்கு வேறு ஒரு பேர். லோட்டஸ் என்ற ஐந்து ஆங்கில எழுத்துக்கும் 'லாட்ஸ் ஆஃப் ட்ரபிள், யூஷுவலி சீரியஸ்' என்று விரிவு சொல்வார்கள். தொல்லை ஏராளம், பெரும்பாலும் பெருந்தொல்லை.

1957-ல் வந்த எலீட் காரைப் பாருங்கள். அதுவரை ஃபைபர் என்றால் ஒரு சேஸிஸ் மேல் போர்த்துகிற சட்டைதான். சாப்மன் சேஸிஸே வேண்டாம் என்றார். மொத்த மோனோகாக்கும் ஃபைபர். கண்ணாடியைச் சுற்றி உள்ளே புதைத்த ஸ்டீல் வளையம், முன் சஸ்பென்ஷனுக்கு ஒரு சின்ன ஸ்டீல் ஃபிரேம், அவ்வளவுதான். இறகு மாதிரி லேசு, பார்க்கவும் அழகு. ஆனால் டிஃபரென்ஷியலை நேராக ஃபைபரில் போல்ட் போட்டு மாட்டினால் என்ன ஆகும்? கிளட்ச்சை விடும் ஒவ்வொரு தடவையும் அந்த முறுக்கு விசை போல்ட் துளையைப் போய்த் தின்னும். போல்ட் பிய்த்துக்கொண்டு வர ஆரம்பித்தது. உள்ளே சத்தமோ மத்தளத்துக்குள் உட்கார்ந்த மாதிரி. கதவுக் கண்ணாடி அதிக வளைவு என்பதால் கீழே இறக்கவே முடியாது. காற்று வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றி சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். 1963 வரை சுமார் ஆயிரம் கார்தான் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் நஷ்டம் என்று லோட்டஸ் வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

அதில் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்ததுதான் 1962-ன் எலான். இப்போது ஸ்டீல் ஷீட்டை மடித்து வெல்ட் பண்ணிய, முதுகெலும்பு மாதிரி ஒரு சேஸிஸ் நடுவில் ஓடியது. பஸ் பாடி கட்டுகிற ஊரில் பிரேக் பிரஸ் வைத்திருக்கிற எந்தப் பட்டறையும் செய்துவிடக்கூடிய வேலை. விசை எல்லாம் அதில். ஃபைபர் பாடிக்கு மழையையும் காற்றையும் தாங்குகிற வேலை மட்டும். என்ஜினுக்கு ஃபோர்டு பிளாக், அதன் மேல் லோட்டஸின் இரட்டை கேம்ஷாஃப்ட் ஹெட், 1,558 சி.சி. முன் சஸ்பென்ஷனில் ட்ரையம்ஃப் காரின் பாகங்கள். எதைத் தானே செய்வது, எதை வெளியில் வாங்குவது என்று பிரித்ததில்தான் சாமர்த்தியம்.

எலானை முழுக் காராகவும் வாங்கலாம், பிரித்த நிலையில் கிட்டாகவும் வாங்கலாம். கிட் ஏறக்குறைய 1,100 பவுண்டு, முழுக் கார் 1,500. வித்தியாசம் பெரும்பாலும் வரி. அன்றைக்கு பிரிட்டனில் முழுக் காருக்கு விற்பனை வரி உண்டு, உதிரி பாகத்துக்குக் கிடையாது. கோர்க்கும் முறையை எழுதிக் கொடுத்தால் அது முழுக் கார் கணக்கில் வந்துவிடும் என்பதால், 'கழற்றும் முறை' என்று ஒரு தாள் கொடுத்தார்களாம், வாங்கியவர் அதைக் கடைசியிலிருந்து மேலே படித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று ஒரு கதை சொல்வார்கள். 1973-ல் வரி முறை மாறியதும் இந்தக் கிட் வியாபாரத்துக்கு அர்த்தம் இல்லாமல் போனது. ஆனால் ஒன்று யோசியுங்கள். கிட்டை வீட்டுத் தோட்டத்தில் வைத்து ஒருவர் கோர்க்கிறார். டார்க் ரென்ச் இல்லை. மூன்று மாதத்தில் நட் லூஸ் ஆகிறது. கெட்ட பேர் யாருக்கு? லோட்டஸுக்குத்தான். கடைசி இன்ஸ்பெக்ஷனை வாடிக்கையாளர் கையில் கொடுத்து மிச்சம் பிடித்த பணம் அது.

எலானில் எனக்கு மிகவும் பிடித்ததும், நினைத்தால் பயமாக இருப்பதும் ஹெட்லைட். மேலே எழும்பி வருகிற விளக்கு. மோட்டார் போட்டால் காசு, எடையும் கூட. சாப்மன் ஆட்கள் என்ஜின் மேனிஃபோல்டின் வேக்குவத்தைக் கொண்டே தூக்க வைத்தார்கள். வேக்குவத்தைச் சேமிக்க ஒரு டாங்க் வேண்டுமே? சேஸிஸின் முன் குறுக்குச் சட்டம் உள்ளே வெற்றிடம்தானே, அதையே மூடி டாங்க் ஆக்கிவிட்டார்கள். ஒரு பாகம், இரண்டு வேலை, செலவு கிட்டத்தட்ட இல்லை. டிசைன் வகுப்பில் கை தட்டலாம். ஆனால் ஏழெட்டு வருடத்தில் அந்தச் சட்டத்தில் துரு பிடித்து ஒரு ஊசித்துளை விழுந்தால்? ஒரு ரப்பர் குழாய் வெடித்தால்? ராத்திரி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே விளக்கு மெல்லக் கண்ணை மூடும். பிற்காலக் கார்களில் இதைத் தலைகீழாக மாற்றினார்கள். ஸ்பிரிங் விளக்கைத் தூக்கும், வேக்குவம் கீழே பிடித்து வைக்கும். லீக் ஆனால் விளக்கு தானாக மேலே வந்து நிற்கும். அதே பாகங்கள்தான், செலவும் ஏறக்குறைய அதேதான். கெட்டுப்போனால் எந்தப் பக்கம் விழும் என்று முதலிலேயே ஒரு நிமிடம் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

எலெக்ட்ரிக்கல் கோளாறுக்கும் இந்த ஃபைபர் கார்கள் பேர் போனவை. எல்லோரும் லூகாஸ் கம்பெனியைத் திட்டுவார்கள். பாதித் திட்டு நியாயமில்லை. ஸ்டீல் பாடியில் பல்புக்கு ஒரு ஒயர் கொண்டுபோனால் போதும், திரும்பி வருவதற்கு பாடியே எர்த். ஃபைபரில் கரண்ட் போகாது. ஒவ்வொரு விளக்குக்கும், ஹாரனுக்கும், மீட்டருக்கும் திரும்பி வர இன்னொரு ஒயர் இழுக்க வேண்டும். அதைக் குறைக்க நாலைந்து எர்த் ஒயரை ஒரே வளையத்தில் சேர்த்து சேஸிஸில் ஒரு போல்ட்டில் முடுக்கினால், அந்த ஒரு போல்ட்டில் பச்சை பிடித்தால் போதும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மின்னும். மெக்கானிக் பல்பை மாற்றுவார், ரிலேயை மாற்றுவார், அந்தப் போல்ட்டை மட்டும் பார்க்க மாட்டார்.

பின்விளக்கு விஷயத்துக்கு வருவோம். 1976-ன் லோட்டஸ் எஸ்பிரி, ஜேம்ஸ் பாண்ட் படத்தில் கடலுக்குள் போன கார். அதன் பின்விளக்கு ஃபியட் எக்ஸ் 1/9 காருடையது. அடுத்த மாடலுக்கு ரோவர். 1987-ல் பாடி மாற்றியபோது டொயோட்டா கொரோலாவின் விளக்கு. கதவுக் கைப்பிடி மோரிஸ் மரீனா என்கிற சாதாரணக் குடும்பக் காருடையது. இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்குக்கு இன்ஜெக்ஷன் மோல்டு வேண்டும், வெளிச்சம் எந்தக் கோணத்தில் எவ்வளவு என்று சட்டச் சோதனை வேண்டும். பெரிய கம்பெனி அதையெல்லாம் முடித்து லட்சக்கணக்கில் செய்கிற பாகம், தரத்தில் சின்னக் கம்பெனி தானே செய்வதைவிட நிச்சயம் மேல். காரில் தண்ணீர் புகாத ஒரே பாகம் அந்த டொயோட்டா விளக்காகக்கூட இருந்திருக்கலாம்! நம் நாட்டில் 1990களின் கடைசியில் வந்த சான் ஸ்டார்ம் என்ற இரண்டு சீட்டு காரும் இதே வழிதான்: ஃபைபர் பாடி, ரெனோ என்ஜின்.

எல்லாவற்றையும் தானே செய்வேன் என்று போனால் என்ன ஆகும் என்பதற்கு பிளாக்பூலில் இருந்த டி.வி.ஆர். கம்பெனி உதாரணம். அதை 1981-ல் வாங்கிய பீட்டர் வீலர் ஒரு கெமிக்கல் எஞ்சினியர். முதலில் ரோவர் வி8 என்ஜினை வாங்கிப் போட்டு நன்றாகத்தான் விற்றார்கள். பிறகு சொந்த என்ஜின் ஆசை வந்தது. 1990களில் சொந்த வி8, அப்புறம் ஸ்பீட் சிக்ஸ் என்கிற ஆறு சிலிண்டர். என்ஜினில் சக்திக்குக் குறைவில்லை, கேம் மேல் ஓடுகிற ஃபாலோயர் தேய ஆரம்பித்தது. ஒரு பெரிய கம்பெனி புது என்ஜினை எத்தனையோ பெஞ்சில் போட்டு மாதக்கணக்கில் ஓட்டி இந்த மாதிரிக் கோளாறைக் கண்டுபிடிக்கும். சின்னக் கம்பெனியில் அந்தச் சோதனையை வாடிக்கையாளர் செய்துகொடுத்தார். வாரண்டியில் என்ஜின் பிரித்துக் கட்டிய செலவு கம்பெனி தலையில். 2004-ல் கம்பெனி கை மாறி, 2006-ல் பிளாக்பூல் தொழிற்சாலை நின்றது.

வாங்கிப் போட்டாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. அதற்கு லோட்டஸ் எலீஸுக்கு வர வேண்டும். 1996-ல் வந்த எலீஸை நான் இந்தத் துறையின் தங்கமெடல் என்று சொல்வேன். பிரஸ் டை வாங்கப் பணமில்லை, வெல்டிங் ஜிக்குகளுக்கும் பணமில்லை. அலுமினியம் எக்ஸ்ட்ரூஷனுக்குப் போனார்கள். அம்மா முறுக்கு அச்சில் மாவைப் பிழிகிற அதே வேலை. அச்சின் ஓட்டை எப்படியோ, வருகிற கம்பியின் குறுக்குவெட்டும் அப்படி. அச்சு மலிவு. நீளமாகப் பிழிந்து, தேவைக்கு வெட்டி, எபாக்ஸி பசை வைத்து ஒட்டினார்கள். டென்மார்க்கில் ஹைட்ரோ அலுமினியம் கம்பெனி செய்து கொடுத்த அந்த மொத்த சேஸிஸ் 68 கிலோ. கிளட்ச், பிரேக் பெடல்கள்கூட எக்ஸ்ட்ரூஷனை ரொட்டி மாதிரித் துண்டு போட்டதுதான்.

பசையில் கார் நிற்குமா என்று கேட்காதவர் இல்லை. நிற்கும். இரண்டு தகட்டை ஒட்டி எதிரெதிர் திசையில் இழுத்தால், அதாவது ஷியரில், பசை முழுப் பரப்பிலும் பிடித்து நிற்கும். ஓரத்திலிருந்து வாழைப்பழத் தோல் மாதிரி உரித்தால்தான் விட்டுவிடும். அதனால் மூட்டுகளின் முனையில் மட்டும் ஸ்க்ரூ போட்டு உரிய ஆரம்பிக்காமல் பிடித்தார்கள். வெல்டிங்கின் சூடு இல்லாததால் 1.5 மில்லிமீட்டர் வரை சுவரைக் குறைக்க முடிந்தது, வளைவும் வராது. கார் முழுக்க 725 கிலோ அளவுதான். சின்ன என்ஜின் போதும், சின்ன பிரேக் போதும். இங்கே மிச்சம் பிடித்தது தரத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. (அடி பட்டு சேஸிஸ் நசுங்கினால் வெல்ட் வைத்து எடுக்க முடியாது என்பது வேறு விஷயம்.) ஆண்டுக்குச் சில நூறு என்று கணக்குப் போட்ட கார், 2021-ல் நிறுத்தும் வரை 35,000 சொச்சம் போனது.

என்ஜின் ரோவர் கே சீரிஸ், வெளியில் வாங்கியது. ரோவரின் சாதாரணக் கார்களில் என்ஜின் முன்னால், ரேடியேட்டர் பக்கத்தில். எலீஸில் என்ஜின் முதுகுக்குப் பின்னால், ரேடியேட்டர் மூக்கில். நீளமான குழாய்களில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர், தெர்மோஸ்டாட் திறந்ததும் சூடான என்ஜினுக்குள் ஒரேயடியாக வரும். ஏற்கனவே அந்த என்ஜினில் தண்ணீர் அளவு குறைவு, லைனர்கள் வெட் லைனர், ஹெட்டை நிலையில் பிடிக்கும் டவல்கள் பிளாஸ்டிக். சூடும் குளிரும் மாறி மாறி ஹெட் நகர, கேஸ்கெட் போனது. டவலைப் பின்னால் ஸ்டீலுக்கு மாற்றினார்கள். 2005-ல் எம்.ஜி. ரோவர் கம்பெனியே விழுந்தது. நல்ல வேளையாக 2004-லிருந்தே லோட்டஸ் டொயோட்டா என்ஜினைப் போட ஆரம்பித்திருந்தது.

நல்ல தரம் வந்தால் பிழைத்துவிடலாமா என்றால் அதுவும் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கையில் லோட்டஸ் இருந்தபோது 1989-ல் புது எலான் வந்தது. இசுஸு என்ஜின், ஒழுங்காகப் பொருந்திய பாடி, ஒழுகாத கூரை. ஆனால் அதே வருடம் மஜ்தா எம்.எக்ஸ். 5 வந்துவிட்டது. பழைய எலானைப் பார்த்து ஆசைப்பட்டுச் செய்த கார், ஸ்டீல் பாடி, விலையும் நல்ல வித்தியாசத்தில் குறைவு. புது எலான் நாலாயிரத்தைத் தொடாமல் 1992-ல் நின்றது. மிச்ச என்ஜின்களை வைத்துப் பின்னால் இன்னும் 800 கார் செய்தார்கள். மஜ்தா 2016-ல் பத்து லட்சத்தைத் தாண்டியது. அந்தக் கதவு டை கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

இனி எங்கள் வண்டி. நாங்கள் ஆறு பேர் கோ-கார்ட் மாதிரி ஒன்று செய்தோம். பழைய ஸ்கூட்டர் என்ஜின், ஸ்கிராப் குழாய், எல்லாம் சாப்மன் பாணி என்று நான்தான் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். பிரேக் பெடலுக்கு ஒரு பின்னும் பித்தளை புஷ்ஷும் கடைந்து தர டர்னர் 60 ரூபாய் கேட்டார். ஸ்கிராப் டப்பாவில் பத்து மில்லி போல்ட் கிடக்கிறதே, அது போதும் என்று சொன்னது நான். அது தலை வரை முழு மரை போட்ட போல்ட். மரை அரம் மாதிரி வேலை செய்யும் என்று எனக்கு உறைக்கவில்லை. நாலு நாள் மிதித்ததில் பெடலின் துளையை ராவிவிட்டது. ட்ரையல் அன்றைக்குப் பெடல் சாய்ந்து ஃப்ளோர் தகட்டில் சிக்கிக்கொண்டது. வண்டி போய் ஒர்க்‌ஷாப் சுவரில் முட்டியது. ஓட்டியது என் பக்கத்து பெஞ்ச் நண்பன். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, டிராயிங் பரீட்சைக்கு மூன்று வாரம் முன்பு. பெயின்ட்டுக்கும் ஸ்டிக்கருக்கும் அதே வண்டியில் நாங்கள் செலவழித்தது 1,400 ரூபாய்.

வைவாவில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர், "காஸ்ட் எங்கேப்பா குறைச்சீங்க?" என்று கேட்டார். ரிப்போர்ட்டில் அழகாக டேபிள் போட்டிருந்தோம். நான் அதைப் படிக்கவில்லை. பெடல் கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வண்டியைத் திருப்பிப் போடச் சொல்லி அடியில் இருந்த வெல்டிங் ஒவ்வொன்றையும் பார்த்தார்.

வண்டி இப்போது ஒர்க்‌ஷாப் பின்னால் ஷெட்டில் நிற்கிறது. பெடலுக்குப் புஷ் போட்டாகிவிட்டது. அடுத்த வருடம் எடுத்துச் செய்ய நினைக்கும் ஜூனியர்களுக்கு: இடது பக்கப் பின் ஆக்ஸில் பிராக்கெட்டில் உள்பக்கம் வெல்டிங் முழுசாக ஓடவில்லை, எலெக்ட்ரோடு தீர்ந்துபோய் டேக் மட்டும் வைத்து மேலே பெயின்ட் அடித்தோம். முதலில் அந்தப் பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள்.